ஆடியில் தூங்கும் குட்டி யானை

ஆடி பிறந்து விட்டால் ஸ்ரீரங்கத்தில் இரண்டு காட்சிகள் நிச்சயம். பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில், சித்திரான்னத் தூக்குகளுக்கு நடுவே கால் வைக்க இடம் இராது. சமையல் காண்டிராக்டர் வீடுகளிலோ லாரி தூங்கிக் கொண்டிருக்கும்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் பெரும்பாலும் கிடையாது. மார்கழியைக் கேட்கவே வேண்டாம். முகூர்த்தம் இல்லையென்றால் அண்டாவுக்கு வேலை இல்லை. அண்டாவுக்கு வேலை இல்லையென்றால் அதைச் சுமக்கும் லாரிக்கு மட்டும் என்ன வேலை? ஆவணி பிறந்து, முதல் முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி சகிதம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மறுபடியும் 'டிக்'. அப்புறம் அதுவும் இராது.

"எங்கள் வீட்டில் லாரி ஏது? இந்தச் சமாசாரம் எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு ரயிலில் போய் வருகிறார். வாசலில் கார் உறையைப் போர்த்திக் கொண்டு நிற்கிறது. கல்யாணமாகிப் போன பெண்ணின் ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே தூசி தட்டாமல் கிடக்கிறது. கூடத்து மூலையில் இன்வெர்ட்டர் ஒன்று கேட்பாரற்று இருக்கிறது. இவற்றின் வயிற்றுக்குள்ளும் பெரும்பாலும் அந்த லாரியின் வயிற்றில் இருக்கும் அதே வஸ்துதான் இருக்கிறது. லாரிக்கு என்ன வைத்தியமோ, அளவில் வித்தியாசப்படுமே தவிர, இவற்றுக்கும் ஏறக்குறைய அதுவேதான்.

என் மன்னியின் கதையைச் சொல்லி விட்டால் எனக்கு எழுதுவதும் சுலபம்; உங்களுக்குப் படிப்பதும் சுலபம்.

அண்ணா போன பிறகு சமையல் காண்டிராக்டை மன்னிதான் நடத்தி வருகிறாள். சொத்து என்று சொல்லிக் கொள்ள, இரண்டு அறை நிறையப் பாத்திரமும் ஒரு 'குட்டி யானை'யும். கோயில் யானையைச் சொல்லவில்லை. 2005-ஆம் வருஷம் நம் நாட்டு ரோடுகளுக்கு ஒரு சின்னஞ்சிறு லாரி வந்ததே, அதற்கு நம் ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் அது. தும்பிக்கை ஒன்றுதான் இல்லை. மற்றபடி சுமை தூக்குவதில் பெயருக்குக் குறைவில்லை. அதற்கு மாதாந்தரத் தவணை இன்னும் பாக்கி இருந்த சமயத்தில்தான் அந்த 2020-ஆம் வருஷம் வந்து சேர்ந்தது.

மார்ச் 25-ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு. பங்குனியும் சித்திரையும் வைகாசியுமாக, வருஷத்தில் நாலு காசு பார்க்கும் மாதங்கள் எல்லாம் கதவைச் சாத்திக் கொண்டன. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அப்புறம் உத்தரவு வந்தது. 50 பேருக்குச் சமைக்கக் காண்டிராக்டர் எதற்கு? மாமியாரும் நாத்தனாரும் போதாதா? அடையவளஞ்சான் வீதியில் வாடகைக்குப் பிடித்திருந்த கொட்டகையில் குட்டி யானை ஐந்து மாதம் படுத்துக் கிடந்தது.

ஆனால் மன்னி அதைக் கவனியாமல் விட்டு விட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் முன் கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் குங்குமம் இட்டு, என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஸ்டார்ட் பண்ணிட்டு வாடா" என்பாள். அவனும் இரண்டு நிமிஷம் உறும விட்டு அணைத்து விடுவான். மற்ற நாட்களில் அவனுக்கு அந்த லாரி வேறு விதத்தில் உபயோகப்பட்டது. வீட்டில் சந்தடி என்று கொட்டகைக்குப் போய், டிரைவர் ஸீட்டில் சாய்ந்து கொண்டு, கைப்பேசியை லாரியிலேயே சொருகி, காலேஜ் பாடத்தை அதில் கேட்டுக் கொண்டிருப்பான். பாடம் முடிந்ததும் பாட்டு!

ஆவணியில் ஒரு காண்டிராக்ட் கிடைத்தது. தில்லைநகரில் வீட்டோடு கல்யாணம். 50 பேர்தான், ஆனாலும் ஐந்து மாதத்துக்குப் பிறகு கையில் விழுந்த முதல் அட்வான்ஸ். காலை ஆறரைக்கு டிபன் தயாராக வேண்டும். முதல் நாள் இரவே பாத்திரங்களை ஏற்றியாகி விட்டது. நாலு மணிக்கு இட்லி மாவு அண்டாவையும் ஏற்றி விட்டுச் சாவியைத் திருப்பினால், 'டிக்.'

"மாமி, பாட்டரி உட்கார்ந்துடுச்சு" என்றார் டிரைவர்.

"எழுப்புங்கோளேன்!" என்றாள் மன்னி.

எழுந்திருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். வெளியே போய் இறந்தகாலத்து லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்பெல்லாம் மூக்கில் ஒரு இரும்பு ஹாண்டிலைச் சொருகி நாலு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் பிடித்துக் கொள்ளும். பாட்டரி செத்தாலும் பரவாயில்லை. இப்போது வரும் டீஸல் வண்டிகள் பலவற்றில் எண்ணெயை எப்போது, எவ்வளவு பீச்ச வேண்டும் என்று தீர்மானிப்பதே மின்சார மூளைதான். அந்த மூளைக்குப் போதிய மின்சாரம் இல்லையென்றால் கொள்ளிடம் வரை தள்ளிக் கொண்டு போனாலும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் தெரு முனைக்கு ஆள் ஓடி, மூன்று ஆட்டோக்களைத் தட்டி எழுப்பிப் பாத்திரங்களைப் பங்கு போட்டு ஏற்றினார்கள். இட்லி மாவு யாருக்காகவும் காத்திருக்கிற வஸ்து அல்லவே! புளித்துப் பொங்கி ஆட்டோக்காரரின் ஸீட்டில் வழிந்தது. காவிரிப் பாலத்தில் போகும்போது மன்னி அண்டாவின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கொண்டிருந்தாளாம். டிபன் ஏழேகாலுக்குத்தான் பரிமாறினார்கள். சம்பந்தி வீட்டார் காபியோடு காத்திருந்தார்கள். வந்த லாபத்தில் பாதி ஆட்டோவுக்குப் போயிற்று. மிச்சம் புதுப் பாட்டரிக்கும் போதவில்லை.

அன்று சாயங்காலம் பாலக்கரையிலிருந்து பாட்டரி பாய் வந்தார். அண்ணா காலத்திலிருந்து வழக்கம். மீட்டரின் இரண்டு முள்ளையும் வைத்துப் பார்த்து விட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாமி, இது வயசாகிச் சாகலை. பட்டினியிலே செத்திருக்கு."

"வெள்ளிக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணினோமே, பாய்!"

"எத்தனை நிமிஷம் ஓட விட்டீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"பசியோட வந்த ஆளுக்கு வெத்தலைபாக்குக் கொடுத்து அனுப்பின மாதிரி, மாமி" என்றார் பாய்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால், ஓடாத வண்டியைத் 'தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைத்தால் போதும்' என்பது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் வேதவாக்காக இருந்து வருகிறது. அது ஏன் போதாது என்பதைத் தெரிந்து கொள்ள, பாட்டரியின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பாகும் கல்கண்டும்

லாரி பாட்டரியைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளாந்தே. வருஷம் 1859. அப்போது மோட்டார் லாரியே கிடையாது! அன்று அவர் கண்ட தத்துவம் இன்றும் மாறவில்லை. காரீயத் தகடு ஒன்று, காரீய ஆக்ஸைடு பூசிய தகடு ஒன்று. இரண்டும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் முழுகி நிற்கும். இப்படி ஒரு ஜோடித் தொகுதிக்கு 'செல்' என்று பெயர். ஒரு செல் சுமார் 2 வோல்ட் கொடுக்கும். ஆறு செல்களை வரிசையாகச் சேர்த்தால் 12 வோல்ட் பாட்டரி. குட்டி யானைக்கு இது ஒன்று போதும். பெரிய லாரிகளில் இப்படி இரண்டைத் தொடுத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள்.

பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்க எடுக்க, திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளில் போய் ஒட்டிக் கொண்டு காரீய ஸல்பேட் ஆகிறது. திரும்ப மின்சாரத்தை ஊட்டினால் அது கரைந்து திராவகத்துக்கே திரும்பி விடுகிறது. உடனுக்குடன் ஊட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஊட்டாமல் வாரக்கணக்கில் போட்டு வைத்தால்தான் வினை.

உங்களுக்குத் தெரியாததா? சர்க்கரைப் பாகு சூடாக இருக்கும்போது கரண்டிக்கு இளகிக் கொடுக்கிறது. கவனியாமல் நாலு நாள் மூலையில் வைத்து விட்டால் ஓரமெல்லாம் கல்கண்டாகக் கட்டிக் கொள்கிறது. அப்புறம் சுரண்டத்தான் வேண்டும். ஸல்பேட்டும் அப்படித்தான். புதிதாகப் படிந்தது நுண்ணிய தூளாக இருக்கும், எளிதில் கரையும். நாட்பட்டது பெரிய பெரிய ஸ்படிகமாகக் கெட்டித்துத் தகட்டை மூடி விடும். பிறகு எத்தனை மின்சாரம் ஊட்டினாலும் முழுக்க இறங்காது. பாய் சொன்ன பட்டினிச் சாவு இதுதான்.

சரி, வண்டி சும்மா நிற்கும்போது மின்சாரத்தை யார் எடுக்கிறார்கள்? பாதிப் பேர் இங்கேதான் ஏமாந்து போகிறோம். முதலாவது, பாட்டரி தனக்குத் தானே கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக் கொண்டிருக்கும். குளிர்ந்த இடத்தில் மெதுவாக. சூடு ஏற ஏற வேகமாக. 10 டிகிரி கூடினால் இந்த இளைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு. திருச்சி வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா! அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். தகரக் கொட்டகைக்குள் எப்படியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, லாரி தூங்கினாலும் அதற்குள் தூங்காத ஆசாமிகள் சிலர் உண்டு. கடிகாரம், ரேடியோவின் ஞாபகசக்தி, திருட்டு மணி, எஞ்சினின் மின்சார மூளை. வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொண்டேயிருக்கும் ஜி.பி.எஸ். பெட்டி வேறு. எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சுவதாக வைத்துக் கொள்வோம். கண்ணுக்கே தெரியாத சொட்டு. ஆனால் குழாய் சொட்டினால் ராத்திரிக்குள் வாளி நிறைகிறதா இல்லையா? ஒரு வாரத்துக்கு 8.4 ஆம்பியர்-மணி. 30 நாளைக்கு 36. பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60 ஆம்பியர்-மணி என்றால், ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் காலி! பாடமும் பாட்டும் கேட்ட பிள்ளையின் கணக்கை இதில் நான் சேர்க்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை வைபவத்துக்கு வாருங்கள். எஞ்சினைக் கிளப்பும் அந்தச் சில விநாடிகளில் ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மடக்காகக் குடித்து விடுகிறது. பிறகு ஓடுகிற இரண்டு நிமிஷத்தில் ஆல்டர்னேட்டர் என்கிற மின்சார உற்பத்தி யந்திரம் திருப்பிக் கொடுப்பது, அந்தக் கைமாற்றுக் கடனுக்குச் சரியாகப் போகும். வாரத்துப் பாக்கி 8.4 அப்படியே நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பாட்டரிக்குப் பத்து ஆம்பியர் கிடைப்பதாகத் தாராளமாக வைத்துக் கொண்டாலும், அதை அடைக்க ஒரு மணி நேரம் ஆகும். பாட்டரி நிரம்ப நிரம்ப உள்ளே வாங்கும் வேகமும் குறைந்து கொண்டே போகும். கடைசிக் கால்வாசிக்குத்தான் நேரம் அதிகம். போதாக்குறைக்கு, சூடேறுமுன் அணைக்கப்படும் எஞ்சினுக்குள் ஈரம் தங்கி, எண்ணெயையும் புகைக் குழாயையும் கெடுக்கும். ஆக, அந்த இரண்டு நிமிஷ உறுமல் நம் மனச் சமாதானத்துக்கு மட்டுமே!

என்னதான் செய்வது?

ஓட்டினால் ஓட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டும். வாரம் ஒரு முறை, நின்று நின்று அல்லாமல், முக்கால் மணி ஒரு மணி நேரம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதற்குக் காரணமா கிடைக்காது? கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மண்ணச்சநல்லூருக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றிக் கொண்டு, வழியில் சமயபுரத்தாளையும் தரிசித்து விட்டு வரலாம். நான்கு சித்திரை வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றி விட்டு வருவது இந்தக் கணக்கில் சேராது. மாட்டுக்கும் தேங்காய்க் கடைக்கும் நின்று நின்று வருவதில் பாட்டரிக்கு நஷ்டம்தான்.

டீஸல் விற்கிற விலையில் வெறும் வண்டியை ஓட்ட மனம் வராவிட்டால், பாட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, பிறகு அதன் தொடர்பைக் கழற்றி விடுங்கள். தூங்காத ஆசாமிகள் அத்தனை பேருக்கும் அன்றே உபவாசம். இதற்கு ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிஷமும் போதும். மன்னி ஐம்பத்தாறு வயதில் கற்றுக் கொண்டாள். ஆனால் செய்யும் முறை முக்கியம்.

முதல் காரியம், கை வளையல்களைக் கழற்றி வையுங்கள். மோதிரத்தையும். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே, அல்லது ஒரு முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே, பொன் வளையல் பட்டு விட்டால் அது கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து விடும். கையோடு ஒட்டிக் கொள்ளும். புடைவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக் கொள்ளுங்கள். திராவகம் ஒரு சொட்டுப் பட்டால் பருத்திப் புடைவையில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது; துவைத்து எடுக்கும்போது ஓட்டை தெரியும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை.

எப்போதும் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்ட வேண்டும். இது சம்பிரதாயமல்ல; காரணம் இருக்கிறது. லாரியின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்தது. பிளஸ் முனையை முதலில் திருகப் போய், ஸ்பேனரின் மறு நுனி உடம்பில் எங்கேனும் பட்டதோ, பொறி பறக்கும். மைனஸைக் கழற்றி விட்டால் அந்தப் பயம் இல்லை. கழற்றிய கம்பியின் தலையில் ஒரு பழைய துணியைச் சுற்றி, திரும்ப முனையில் பட்டு விடாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். கடிகாரமும் ரேடியோவும் ஞாபகத்தை இழக்கும், போகட்டும். திருட்டு மணியும் அடிக்காது என்பதால் பூட்டைச் சரி பாருங்கள். ஜி.பி.எஸ். பெட்டியைக் கடன் கொடுத்தவர்கள் பொருத்தியிருந்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுவது உத்தமம். லாரியைக் கடத்தி விட்டீர்கள் என்று நினைத்து விடப் போகிறார்கள்!

கழற்றி வைத்தாலும் பாட்டரி தானாக இளைப்பது நிற்காது என்றேனல்லவா? ஆகவே மாதம் ஒரு தடவை வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். மின்சாரச் சாமான் கடைகளில் சல்லிசாகவே கிடைக்கும். வண்டி ஓடிய உடனே பார்த்தால் பொய் சொல்லும். ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் வயிறு. 12.2 என்றால் பாதி. 12 என்று காட்டினால் 'பன்னிரண்டு இருக்கிறதே' என்று சந்தோஷப்படாதீர்கள். கால் வயிறுதான் மிச்சம். 12.4-க்குக் கீழே இறங்கியதுமே ஊட்டி விட வேண்டும்.

ஊட்டுவதற்குச் சார்ஜர் வேண்டும். பாட்டரிக் கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். ஆனால் அதைத் தூக்கிக் கொண்டு அலைவது பெண்டுகளுக்குச் சிரமம். நிரம்பியதும் தானே தணிந்து கொள்ளும் ஆட்டோமாட்டிக் சார்ஜர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும், 60-க்கு 6. அவசரப்பட்டு அதிகம் ஊட்டினால் குழந்தைக்கு எப்படியோ அப்படித்தான் பாட்டரிக்கும்.

சார்ஜ் ஆகும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கக் கூடியது. எனவே கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஊதுபத்தி, கற்பூரம், குத்துவிளக்கு எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை ஆரத்தியைச் சார்ஜரை அணைத்து, வாயு கலைந்த பிறகு எடுத்துக் கொள்ளலாம். பகவான் காத்திருப்பார்.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டரியின் தலையில் ஈரச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி வைக்கும் வழக்கம் சில கொட்டகைகளில் உண்டு. ஈரமும் தூசியும் திராவகப் பிசுக்கும் கலந்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மின்சாரம் அந்தப் பூச்சின் வழியாகவே கசியும். சந்தனத்தை லாரியின் நெற்றியில் இடுங்கள். பாட்டரியின் தலையைத் துடைத்துக் காய வையுங்கள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக் கொண்டு போகும். கரைசல் மூடித் துவாரத்துக்குள் மட்டும் இறங்கக் கூடாது. துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவி விட்டால் தீர்ந்தது. ஆப்பத்துக்கும் இட்லிக்கும் ஆகிற சோடா இதற்கும் ஆகிறதைப் பார்த்து மன்னிக்கு ஒரே ஆச்சரியம்.

மூடி திறக்கிற பாட்டரியானால் தண்ணீர் மட்டத்தையும் பார்க்க வேண்டும். தகடுகள் முழுகியிருக்க வேண்டும்; குறியிட்ட கோட்டுக்கு மேல் போகக் கூடாது. சார்ஜ் ஆன பிறகு ஊற்றுவதே முறை, தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னாலேயே அது முழுகும் அளவுக்கு ஊற்றிக் கொள்ளலாம். ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் ஒன்றே. காவேரித் தீர்த்தமே ஆனாலும் உதவாது. அதிலுள்ள உப்புக்கள் தகட்டைக் கெடுக்கும். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரும் இதற்குப் போதிய சுத்தமல்ல. ஏ.ஸி. பெட்டியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிற சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். அதில் அந்தப் பெட்டியின் தூசியும் செம்பும் சேர்ந்தே வரும். திராவகத்தை மட்டும் நீங்களாக ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். குறைவது தண்ணீர்தான். இது உங்கள் கூடத்து இன்வெர்ட்டருக்கும் பொருந்தும். கடைசியாக அதை எப்போது திறந்து பார்த்தீர்கள்? மூடியே இல்லாத ரகத்துக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது. பட்டினிக் கவலை அதற்கும் உண்டு.

"கழற்றின பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைக்காதே, உறிஞ்சி விடும்" என்று ஒரு பேச்சு உண்டு. மன்னி அதற்கு ஒரு மணை போட்டு, ஏறக்குறைய மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தாள். மரப் பெட்டியிலும் பழங்காலத்து ரப்பர் பெட்டியிலும் பாட்டரி செய்த நாளில், ஈரத் தரை வழியாகக் கசிவு ஏற்பட இடம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மணை வீட்டிலேயே இருக்கட்டும்.

பெரிய லாரி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 24 வோல்ட் லாரியில் டிரைவர்கள் பாட்டுப் பெட்டிக்கும் சிறு விசிறிக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று, இரட்டையில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கம்பியை இழுத்து விடுவார்கள். ஒரு மாடு மட்டும் வண்டி இழுக்கிற கதைதான். ஒன்று காய, மற்றொன்று மிதமிஞ்சிக் குடித்துப் பொங்க, இரண்டும் கெட்டுப் போகும். 24-ஐ 12 ஆக்கித் தரும் சிறு பெட்டி கடையில் கிடைக்கிறது; அதை வைக்கச் சொல்லுங்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மன்னியின் செத்த பாட்டரியைப் பாய் எடுத்துப் போனார். புதியதன் விலையில் அதற்கென்று ஒரு தொகையைக் கழித்துக் கொண்டார். பழையதை விற்றவர்களிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள். 2022-ஆம் வருஷத்துச் சட்ட விதிகள் பழைய பாட்டரிகளைச் சேகரித்து முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. தெருவில் வருகிற பழைய சாமான்காரரிடம் பத்து ரூபாய் அதிகம் கிடைக்கிறதென்று போட்டு விட்டால், எங்கோ ஒரு கொல்லையில் அதை உடைத்து ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

எஞ்சினை மின்சாரத்தால் கிளப்பும் ஏற்பாடு 1912-ஆம் வருஷம் அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்தது. செய்தவர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். லட்சக்கணக்கில் பெட்ரோல் கார் செய்து விற்ற ஹென்றி போர்டின் மனைவி கிளாரா அம்மாளே, தமக்கென்று பாட்டரியில் ஓடும் கார் ஒன்றை வைத்துக் கொண்டிருந்தார்! பெண்கள் தைரியமாக மோட்டார் ஓட்டத் தொடங்கியதற்கு இந்தக் காரீயப் பெட்டியும் ஒரு காரணம். மன்னிக்கு இதைச் சொன்னபோது, "அப்படியா? எனக்கு மட்டும் அன்னிக்கு மணிக்கட்டு முறியற மாதிரிதான் இருந்தது, மூடியைப் பிடிச்சுண்டே போனதுல" என்றாள்.

2022 நவம்பரில் மறுபடியும் குட்டி யானை படுத்தது. ஸ்ரீரங்கத்தையும் டவுனையும் இணைக்கும் காவிரிப் பாலம், 1976-இல் கட்டியது, பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டது. டவுன் பக்கம் போக வேண்டுமானால் பைபாஸ் பாலத்தைச் சுற்றிக் கொண்டு, அந்த நெரிசலில் நீந்த வேண்டும். கார்த்திகையில் வந்த இரண்டு டவுன் காண்டிராக்டுகளை மன்னி ஏற்கவில்லை. பின்னாலேயே மார்கழி. ஜனவரி 2-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி; அந்தக் கூட்டத்தில் கொட்டகையை விட்டு லாரியை வெளியே எடுப்பதாவது!

இந்தத் தடவை வெள்ளிக்கிழமை உறுமல் கிடையாது. முதல் நாளே முழுக்கச் சார்ஜ் செய்து, வளையல்களைக் கழற்றி மாடத்தில் வைத்து விட்டு, மைனஸ் கம்பியை மன்னி தன் கையாலேயே கழற்றினாள். பிள்ளையின் கைப்பேசிக்கு லாரிக்குள் அனுமதி மறுக்கப்பட்டது. மாதம் ஒரு நாள் மீட்டர் பார்த்து, எண்ணைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தாள். டிசம்பரில் 12.4-க்கு இறங்கியதும் ஒரு ராத்திரி சார்ஜரை மாட்டினாள்.

தையில் முதல் முகூர்த்தம் உறையூரில். பாலம் திறக்க மார்ச் ஆகும் என்பதால், சுற்றிப் போக வேண்டுமென்று மூன்றரை மணிக்கே எல்லாரும் கொட்டகைக்கு வந்து விட்டோம். கம்பியை முதல் நாள் சாயங்காலமே மாட்டியாகி விட்டது. டிரைவர் சாவியைத் திருப்பினார். குட்டி யானை ஒரே முயற்சியில் எழுந்து உறுமிற்று. அவர் முகத்தை வெளியே நீட்டி, "மாமி, போலாமா?" என்றார்.

"செத்தே இருங்கோ" என்றாள் மன்னி. "புளியோதரை அடுக்கு இன்னும் ஏறலை."